மைனஸ் இருபத்தெட்டில் ஓடும் வண்டி

கண்புரை எடுத்த என் இரண்டு கண்களின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கண் மட்டும் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருக்கிறதாம். விஷயம் பெரியது என்பதால் இரண்டையும் வைக்கிறேன். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, ஆக்லாந்து நகரின் பக்குரங்காவில் குணரத்தினத்தின் வீட்டின் மீது மட்டும் பனி பெய்தது. அன்று அங்கே வெயில் இருபத்தாறு டிகிரி. பனி வேலிக்கு வேலி சரியாக நின்றது. பக்கத்து வீட்டு வெண்டைச் செடியில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அந்த வாரம் கடையில் வெண்டைக்காய் கிலோ பதினெட்டு டாலர் விற்றதால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துபோய் இதைச் சரிபார்த்துக்கொண்டார். தபால்பெட்டி எல்லைக் கோட்டுக்கு அரை அடி வெளியே இருந்தது. அதனால் கடிதங்களும் நனையவில்லை.

குணரத்தினம் பென்ரோஸ் கிடங்குகளில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைத் திருத்துகிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே நீலச் சட்டை. அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில், குருநகரில், ஓர் ஐஸ் பாக்டரியில் எட்டு வருடம் இருந்தார். மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பதும், படகுகளின் சின்ன மோட்டார்களைக் கழற்றிப் பூட்டுவதும் அங்கே அவருடைய வேலை. இது அவர் மனைவி அன்னபாக்கியத்துக்குத் தெரியும். அந்த எட்டு வருடத்தில் ஐந்து வருடம் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர் அவர்தான். மற்றவர்களுக்குத் தெரிந்த வரலாறு வேறு. 1998இல் ஆக்லாந்துக்கு வந்த மூன்றாவது வாரம், கோயில் அன்னதான வரிசையில் நின்றபோது யாரோ அவரிடம், இங்கு வருமுன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். கனடா விசா அவருக்கு மூன்று முறை மறுக்கப்பட்டிருந்தது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சிறிய இடைவெளியில் அவர் சொன்னார்: "வின்னிபெக்கில. மூண்டு விண்டர். பனிவண்டி திருத்தினனான்."

அதற்குப் பிறகு, அவர் கண்ணால் காணாத அந்தக் கனடா நகரமான வின்னிபெக் வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. 2001இல் அங்கே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி ஆகி, கடைசி வரை அப்படியே நின்றது. 2004இல் ஸ்பானர் கையோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. தேநீர் ஊற்றித்தான் கழற்ற வேண்டும். 2009இல் பனிவண்டியின் சைலன்சர் மேல் புட்டு அவித்தார். 2013இல் ஓர் ஓநாய் வந்தது. அது ஒன்றும் செய்யவில்லை, புட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர் மகள் கஜந்தினி பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளில் மூன்று முறை, அப்பாவும் பனிவண்டியும் என்று ஒரே பேச்சைப் பேசிப் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் குணரத்தினம் "வின்னிபெக்கில" என்று ஆரம்பிப்பார். அன்னபாக்கியம் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். கதை முடியும் வரை குழாய் ஓடும். மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. தண்ணீர்க் கட்டணம் மட்டும் அந்தத் தெருவில் அவர்களுக்குச் சற்று அதிகம்.

கஜந்தினிக்கு இருபத்தொன்பது வயது. பல் மருத்துவமனை ஒன்றில் பல் துப்புரவு செய்யும் வேலை. 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் ஒருவரை விரும்புவதாகவும், அவர் பெயர் நிமலன் என்றும், பிப்ரவரி பதினேழாம் தேதி நேரில் வருகிறார் என்றும் சொன்னாள். அப்பா அம்மா இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு அவள் சொன்னாள்: "அப்பா, யூ வில் லவ் ஹிம். ஹீ இஸ் ஃப்ரம் வின்னிபெக். சின்னனில இருந்தே ஸ்னோமொபைல் ஓட்டுறவர். நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டே இருக்கலாம்."

அன்னபாக்கியம் எழுந்துபோனார். குழாய் அன்று நாற்பது நிமிடம் ஓடியது.

குணரத்தினம் இட்லியைச் சட்னி இல்லாமல் சாப்பிட்டு முடித்தார். இருபத்தாறு வருடமாகக் கோயில், கல்யாணம், பூப்புனித நீராட்டு என்று எத்தனையோ சபைகளில் சொன்ன கதையை ஓர் இளைஞன் இரண்டே கேள்விகளில் கவிழ்த்துவிடுவான். சபை போனால் போகட்டும், அதற்கு மறதி அதிகம். ஆனால் மூன்று முறை அந்தப் பேச்சைப் பேசிய பிள்ளை, தான் கட்டிக்கொள்ளப்போகிறவன் எதிரில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாளே. அதை நினைத்தபோது அவருக்குக் குருநகர் பாக்டரியின் குளிரறைக்குள் நிற்பதுபோல் இருந்தது.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் உதவிக்கு வந்தார். அவர் உதவிக்கு வரும்போதெல்லாம் நிலைமை மோசமாகும் என்பது தெருவில் எல்லாரும் ஒப்புக்கொள்வது. தமிழ்நாட்டுக்காரர், நகரின் வடக்கே ஆல்பனியில் மென்பொருள் வேலை, வெண்டைச் செடியின் சொந்தக்காரர் இவர்தான். இணைய ஏலத்தில் பொருள் வாங்குவது அவருடைய பொழுதுபோக்கு. படத்தைப் பார்ப்பார், விளம்பரத்தின் முதல் இரண்டு வரியைப் படிப்பார், பொத்தானை அமுக்குவார். அப்படி வாங்கியதில் நாக்கு இல்லாத தேவாலய மணி ஒன்றும், நாய்கள் ஓடுவதற்கான டிரெட்மில் ஒன்றும் அவர் வீட்டில் இருக்கின்றன. நாய் கிடையாது. மாப்பிள்ளை வின்னிபெக் என்று கேள்விப்பட்ட நான்காம் நாள், பனி விழுகிற தெற்குத் தீவிலிருந்து ஒரு டிரெய்லரில் 1984ஆம் வருடத்துப் பனிவண்டி ஒன்று வந்து குணரத்தினத்தின் கராஜ் முன்னால் இறங்கியது. மஞ்சள் நிறம். முன்னால் இரண்டு சறுக்குப் பட்டைகள், பின்னால் பல் வைத்த ஒரு பெரிய ரப்பர் பட்டை, இருக்கையில் பூனை படுத்த பள்ளம்.

"குணா சார், உங்க பழைய ஃப்ரெண்டு வந்திருக்கான் பாருங்க," என்றார் கோதண்டராமன். "ஓடலையாம். உங்களுக்கு அது ஒரு விஷயமா. மாப்பிள்ளை வர்றதுக்குள்ள ரெடி பண்ணி அசத்திடுங்க."

"ஓம்," என்றார் குணரத்தினம். சொல்லிவிட்டு இருக்கையின் பள்ளத்தைக் கையால் தடவினார். கோதண்டராமன் அதை உணர்ச்சிவசப்பட்டது என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கராஜ் கதவு மூடியே இருந்தது. முதல் நாள் குணரத்தினம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பிரேக் எங்கே என்று காலால் தேடினார். பிறகு வழிகாட்டி நூலை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்து, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதுபோல் கோடு போட்டுப் படித்தார். காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் எலிக்கூடு இருந்தது. எலி அதை 1991ஆம் வருடத்துச் செய்தித்தாளின் வானிலைப் பக்கத்தால் கட்டியிருந்தது. இரண்டு கார்புரேட்டரிலும் பழைய பெட்ரோல் வற்றிப் பாகாகப் படிந்திருந்தது. அவற்றை அன்னபாக்கியத்தின் ஊறுகாய்ச் சட்டியில் வினிகர் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தார். என்ஜினைத் திறந்து பார்த்ததும் முகம் தெளிந்தது. அது பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், குருநகர்ப் படகு மோட்டாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பிஸ்டன் வளையங்களை மாற்றினார், பிளக் மாற்றினார், வெடித்துப்போன பெல்ட்டை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். கிளட்சின் எடைகளை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி ஒரே நிறைக்குக் கொண்டுவந்தார். அன்னபாக்கியத்தின் மசாலாத் தராசு அதற்குப் போதுமானதாக இருந்தது. புதிதாக இருந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓட வேண்டும் என்று, புகை வெளியேறும் வழியை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தினார். கிளப்பும் கயிற்றை இழுத்தால் என்ஜின் இருமியது. கார்புரேட்டர் துளையின் அளவு மட்டும்தான் பாக்கி.

அந்தத் துளைக்கு ஜெட் என்று பெயர். பித்தளையில் செய்த, மூக்குத்தித் திருகாணி அளவுள்ள பொருள். காற்று குளிரக் குளிர அடர்த்தியாகும். அப்போது பெட்ரோலும் கூடுதலாகப் போக வேண்டும், துளையும் பெரிதாக வேண்டும். எந்தக் குளிருக்கு எந்த ஜெட் என்று நூலின் ஐம்பத்தோராம் பக்கத்தில் அட்டவணை இருந்தது. மேலே இருபத்தைந்து டிகிரி, கீழே மைனஸ் முப்பது வரை. பக்குரங்காவுக்கு முதல் வரி. குணரத்தினம் அந்தச் சின்ன ஜெட்டைக் கையில் எடுத்தபோது தேநீரோடு வந்த அன்னபாக்கியம் கோப்பையை வைத்துவிட்டு அட்டவணையைப் பார்த்தார். விரலைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போய், கடைசிக்கு முந்திய வரியில் நிறுத்தினார்.

"இது."

"அது மைனஸ் இருபத்தெட்டப்பா. இஞ்ச பூட்டினா பெட்ரோல் கூடிப்போய் மூச்சடைக்கும். ஓடாது."

"இருபத்தாறு வருசமா நீங்கள் சொல்லுற கணக்கு இதுதானே."

"இது ஒக்லண்ட்."

"ஒக்லண்டுக்குப் பூட்டத் தெரிஞ்ச ஆள் ஆயிரம் பேர் இருக்கினம்," என்றார் அன்னபாக்கியம். "நீங்கள் வேலை பழகினது வின்னிபெக்கில. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊரின் பெயரை அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. குணரத்தினம் தேநீரைக் குடித்தார். பிறகு பெரிய ஜெட்டைப் பூட்டினார்.

பதினேழாம் தேதி காலை விமான நிலையத்திலிருந்து கஜந்தினி நிமலனை அழைத்து வந்தாள். உயரமான, அடக்கமான பையன், மருந்தாளுநர். வந்தவுடன் பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்கினான். கோதண்டராமன் வேலியைச் சுற்றிவர நேரமில்லாமல் தாண்டியே வந்திருந்தார், கையில் கற்பூரமும் ஒரு பை எலுமிச்சம்பழமும். பூஜை போடாமல் எந்த வண்டியும் எடுக்கக் கூடாது, சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து நசுக்க வேண்டும் என்றார். இந்த வண்டியில் சக்கரம் இல்லை என்று கஜந்தினி சொன்னாள். இதைப் பற்றி இருபது நிமிடம் ஆலோசனை நடந்தது. சறுக்குப் பட்டை என்பது சக்கரத்தின் ஸ்தானம், அதற்கு இரண்டு; ரப்பர் பட்டைக்கு உள்ளே உருளைகள் இருக்கின்றன, அவையும் சக்கரம்தான் என்று கோதண்டராமன் தரையில் படுத்து எண்ணினார். எட்டு. ஆக மொத்தம் பத்துப் பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார். அதையெல்லாம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்த நிமலன் அப்போதுதான் முதல் கேள்வியைக் கேட்டான்.

"அங்கிள், ஸ்னோ இல்லாம இதை ஓட்டக்கூடாதெல்லோ? கீழ இருக்கிற பிளாஸ்டிக்குக்கு ஸ்னோதான் ஒயில். இல்லாட்டி உருகிப்போகும்."

அது உண்மை. வழிகாட்டி நூலின் மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. கோதண்டராமன் குணரத்தினத்தைப் பார்த்தார். கஜந்தினி அப்பாவைப் பார்த்தாள்; பள்ளி மேடையில் பேச்சு மறந்த பிள்ளை சபையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அன்னபாக்கியம் குழாயைத் திறக்கப் போகவில்லை. கராஜ் வாசலிலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்னோ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டா வின்னிபெக்கில ஒருத்தரும் வேலைக்குப் போகேலாது, தம்பி," என்றார் குணரத்தினம். "வண்டியை எடுத்தா அது வரும்."

சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். எட்டு முறை இருமல். ஒன்பதாம் முறை பிடித்துக்கொண்டது. ரப்பர் பட்டை ஒரு சுற்றுச் சுற்றி எட்டு எலுமிச்சம்பழத்தையும் உள்ளே இழுத்து விழுங்கியது. அடுத்து நடந்தது எளிமையானது. மைனஸ் இருபத்தெட்டுக்கென்று பூட்டிய வண்டி, மைனஸ் இருபத்தெட்டுக் காற்றைக் கேட்டு மூச்சிழுத்தது. கிடைக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தது. கிடைக்கவில்லை. மூன்றாம் முறை இழுத்தபோது கோதண்டராமனின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது, கற்பூரம் அணைந்தது, துணிக்கொடியில் காய்ந்த வேட்டி பலகை மாதிரி விறைத்தது. நான்காம் மூச்சுக்கு வண்டிக்குத் தேவையான காற்று வந்துவிட்டது. என்ஜின் சீராகப் பாடத் தொடங்கியது. கேட்டதைக் கொடுத்துப் பழகாத வானம் கொஞ்சம் தயங்கி, பிறகு பெய்தது. முதலில் கறிவேப்பிலை அளவு, பிறகு வெற்றிலை அளவு. இலேசாக எலுமிச்சை வாசம் அடித்தது.

கோதண்டராமன் தன் வீட்டுப் பக்கம் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல சார், நல்லாவே பண்ணியிருக்கீங்க," என்றார்.

கால் மணி நேரத்தில் புல் மூடிவிட்டது. மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நிமலன் ஏறி உட்கார்ந்தான். கைப்பிடியைப் பிடித்தான். பிறகு அவன் வலது கால் மெல்ல முன்னால் போய், இடம் வலமாக எதையோ தேடியது. இடது காலும் தேடியது.

குணரத்தினம் அதைப் பார்த்தார். பனிவண்டியில் பிரேக் இடது கையில், வேகம் கூட்டுவது வலது கட்டைவிரலில். காலுக்கு ஒரு வேலையும் இல்லை. பிறந்ததிலிருந்து ஓட்டுகிற எவனும் காலால் தேட மாட்டான். நிமலனுக்குக் குளிர் ஆகாது என்பதும், வின்னிபெக்கில் வீட்டிலிருந்து வேலைக்கு மூடிய நடைபாலங்கள் வழியாகவே போய்வருவான் என்பதும், பெண்ணின் அப்பா பனிவண்டிக்காரர் என்று தெரிந்த அன்றுதான் அவன் பனிவண்டிக்காரன் ஆனான் என்பதும், மூன்றாம் பக்கத்தை விமானத்தில் படித்தான் என்பதும் பிற்பாடு தெரியவந்தவை. அன்று குணரத்தினத்துக்கு அந்தக் கால் போதுமானதாக இருந்தது.

"அப்பா, எங்க போறீங்கள்?" என்றாள் கஜந்தினி.

"தண்ணி குடிக்க."

உள்ளே போனார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் தொட்டி விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. பின்னாலேயே அன்னபாக்கியம் வந்தார்.

"மெல்லச் சிரியுங்கோ. வெளியில கேக்கும்."

"பாவம் பெடியன். காலால தேடுறான்."

"நீங்களும் முதல் நாள் காலாலதான் தேடினீங்கள். யன்னலால பாத்தனான்."

குழாயை மூடிவிட்டு இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். குணரத்தினம் வண்டிக்குப் பக்கத்தில் போய், எல்லாருக்கும் கேட்கிற குரலில், "தம்பி, இது பழைய மொடல் கண்டீரோ. நீர் ஓட்டினதெல்லாம் புதுசு. இதில பிரேக் இடது கையில," என்றார்.

நிமலன் இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "ஓம் அங்கிள்," என்றான். "புதுசில கொஞ்சம் வேற மாதிரி." பிறகு வீட்டை மூன்று முறை சுற்றினான். இரண்டாம் சுற்றில் துணிக்கொடியும் விறைத்த வேட்டியும் கூடவே வந்தன. இறங்கும்போது, மைனஸ் இருபத்தெட்டுச் சரியாக இருக்கிறது, வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னான்.

பனி அன்று மாலைக்குள் உருகி, வாசல் ஓடை வழியாக முறைப்படி போய்ச் சேர்ந்தது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் வண்டியை எடுத்தபோதெல்லாம் பெய்தது. குணரத்தினம் கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார். அதற்கேற்பப் பனியும் முழங்கால் வரை உயர்ந்தது. நகரசபையிலிருந்து ரஷ்மி என்ற அதிகாரி டேப்புடன் வந்து அளந்து, வேலி உயரத்துக்குக் கீழேதான் இருப்பதால் அனுமதி தேவையில்லை என்று எழுதிக்கொடுத்தார். வேலிக்கு மேலே போனால் விண்ணப்பிக்க வேண்டும். கோதண்டராமன் ஒரு கிண்ணத்தோடு வந்து, எலுமிச்சை வாசம் உள்ள பகுதியாகப் பார்த்து அள்ளி, நன்னாரி சர்பத் ஊற்றிச் சாப்பிட்டார். அன்னபாக்கியம் சனிக்கிழமைகளில் மீன் வாங்கத் தொடங்கினார். வெயில் படாத தெற்கு மூலையில் புதைத்து வைத்தால் திங்கள் வரை கெடுவதில்லை. ஐஸ் உடைக்கிற இரும்பை இருபத்தாறு வருடம் கழித்துக் கையில் எடுத்த குணரத்தினம், எங்கே தட்டினால் எங்கே பிளக்கும் என்பதை மறந்திருக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் கல்யாணம் நடந்தது. நிமலன் குளிர் தாங்காமல் ஆக்லாந்துக்கே குடிவந்துவிட்டான். மாமனார் வீட்டுக்குப் போகும்போது மட்டும் கனத்த கோட்டு போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு யாராவது வந்தால் இப்போது மாமாவும் மருமகனும் சேர்ந்தே வின்னிபெக்கைச் சொல்கிறார்கள். ஓநாய் இரண்டாகிவிட்டது. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொள்கிறார். கஜந்தினி எழுந்து சமையலறைக்குப் போகிறாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. அன்னபாக்கியம் இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மைனஸ் இருபத்தெட்டு என்று வருகிற இடத்தில், ஓம் என்கிறார். தெருவில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சனிக்கிழமை பத்து நாற்பதுக்கு அந்த வீட்டில் பனி பெய்யும், அந்தப் பக்கம் காரை நிறுத்தாதீர்கள் என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் சொல்லிவைப்பதோடு சரி.

கோதண்டராமன் அந்த வண்டியை வாங்கிய ஏல விளம்பரம் இணையத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. போன வாரம் அதை நான் வலது கண்ணால் கடைசி வரை படித்தேன். கடைசி வரி: "வண்டியில் என்ஜின் இல்லை, கழற்றித் தனியாக விற்றாயிற்று."